ரீசஸ் வீக் முடிஞ்சிருச்சு, இன்னும் யாரையும் தெரியல: ஈசூன் பொண்ணுக்கு ஒரு பதில்

சிங்கப்பூர்ல யூனிவர்சிட்டி முதல் வருஷம் படிக்கிற ஒரு பொண்ணுகிட்டேர்ந்து வந்த கடிதம் இது, கொஞ்சம் சுருக்கியிருக்கேன்:

"வணக்கம் அக்கா. எனக்கு வயசு 20, ஈசூன்ல இருக்கேன். பாலிடெக்னிக்ல மூணு வருஷம் முடிச்சிட்டு இந்த ஆகஸ்ட்லதான் மேற்குப் பக்கம் இருக்குற ஒரு யூனில இன்ஜினியரிங் சேர்ந்தேன். எங்க வீட்ல யூனிக்கு போற முதல் ஆள் நான்தான். அப்பா பஸ் ஓட்டுறாங்க, அம்மா சைல்ட்கேர்ல சமைக்கிறாங்க. ஓரியன்டேஷன் கேம்ப் நடந்தப்ப எனக்கு வேலை இருந்துச்சு, காசும் கட்டணும், அதனால போகல. கிளாஸ் எல்லாத்தையும் செவ்வாய், புதன், வியாழன்ல போட்டுக்கிட்டேன், போக ஒண்ணேகால் மணி நேரம் வர ஒண்ணேகால் மணி நேரம்னா தினமும் போக முடியாதுல்ல. சனி ஞாயிறு டியூஷன் சொல்லிக் குடுக்குறேன். இப்ப செமெஸ்டர் நடுவுல வர்ற ரீசஸ் வீக் லீவும் முடிஞ்சிருச்சு, பேர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் கூட இல்ல. மதியம் சாப்பாட்டைப் பொட்டலமா டபாவ் பண்ணி லைப்ரரி பின்னாடி படிக்கட்டுல உக்காந்து சாப்பிடுறேன். மேத்ஸ் மிட்டெர்ம்ல 40க்கு 13. ஜேசிலேர்ந்து (ஜூனியர் காலேஜ்) வந்த பசங்க எல்லாம் இது ஏற்கெனவே படிச்சதுதானேன்னு சிரிக்கிறாங்க. டுடோரியல்ல என்னை மாதிரியே ஒரு சீனப் பொண்ணு கடைசி வரிசைல தனியா உக்காருவா, அவ்ளோதான், பேசினதில்ல. காலைல ரயில்ல போகும்போது கிராஞ்சி ஸ்டேஷன் வந்தாலே இறங்கி திரும்பி வீட்டுக்கு போயிடலாமான்னு இருக்கு. கவுன்சிலிங் போகலாம்னு நெனச்சேன், ஆனா அது ரெக்கார்டுல ஏறிடும், வேலை கிடைக்காதுன்னு கசின் சொல்றான். நான் யூனிக்கு லாயக்கில்லையோ? நிறுத்திட்டு வேலைக்கு போயிடட்டுமா?"

ம்மா, மத்ததெல்லாம் அப்புறம், முதல்ல உன் டைம்டேபிளைப் பத்தி பேசலாம். நீ அதை போற போக்குல ஒரு வரில சொல்லிட்டு போயிட்ட, எனக்கு என்னமோ அதுதான் முதல்ல கண்ணுல பட்டுச்சு. மூணு நாள்ல எல்லா கிளாஸையும் அமுக்கி, நடுவுல இடைவெளியே இல்லாம போட்டிருக்க. தூரத்துலேர்ந்து வர்ற புள்ளைங்க எல்லாரும் பண்றதுதான் இது, பாசிர் ரிஸ்லேர்ந்து ஜூரோங் வர்றவங்க, செங்காங்லேர்ந்து கெண்ட் ரிட்ஜ் போறவங்கன்னு எத்தனையோ பேர் இதே கணக்கோட கவுன்சிலிங் ரூம்ல என் எதிர்ல வந்து உக்காந்திருக்காங்க. கணக்கு தப்புன்னு சொல்ல மாட்டேன், வாரத்துக்கு அஞ்சு மணி நேரம் ரயில்ல போகாம மிச்சம். ஆனா யூனில ஆளுங்க பழகுறது கிளாஸுக்குள்ள இல்லம்மா. லெக்சர் முடிஞ்சு கேன்டீனுக்கு நடக்குற பத்து நிமிஷத்துல, டுடோரியல் ரூம் கதவு திறக்குற வரைக்கும் வெளிய நிக்கிறப்ப, பஸ்ஸு வரலையேன்னு ஆளுக்காள் மூஞ்சியைப் பாத்துக்குறப்ப, அந்த மாதிரி வெட்டி நேரத்துலதான் பழகுறாங்க. அந்த வெட்டி நேரத்தை எல்லாம் நீ கத்தரிச்சு எறிஞ்சிட்ட. ஒரு லெக்சர் முடிஞ்சதும் அடுத்ததுக்கு ஓடுற, அதுவும் முடிஞ்சா பஸ்ஸுக்கு ஓடுற, நடுவுல கிடைக்கிற அரை மணி நேரத்துல போய் படிக்கட்டுல ஒளிஞ்சிக்கிற. இப்படி இருந்தா யாரு உன்னைப் பாக்கப் போறா சொல்லு.

அடுத்தது இதைவிட பெரிய விஷயம். உனக்கு பழகத் தெரியலன்னு நீ முடிவே பண்ணிட்ட, கடிதம் பூரா அந்த தொனிதான். கொஞ்சம் யோசிச்சுப் பாரு, பிரைமரி, செகண்டரி, பாலி எல்லா இடத்துலயும் உனக்கு கூட்டாளிங்க இருந்தாங்கதானே, அவங்களை நீ எப்படிப் பிடிச்ச? நீ பிடிக்கவே இல்ல, ஒரே வகுப்புன்னு 20லேர்ந்து 40 பேர் வரைக்கும் ஒரு ரூம்ல போட்டு, தினமும் அதே மூஞ்சிங்களைப் பாக்க வச்சு, சேர்ந்து ப்ராஜெக்ட் செய்ய வச்சு, அவங்களாவே உன் மேல வந்து விழுந்தாங்க. பதிமூணு வருஷமா அது சும்மா கிடைச்சுது. யூனில அந்த 'கிளாஸ்'ங்கிறதே கிடையாது. ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனி டைம்டேபிள். அதைப் போடுறதே ஒரு யுத்தம், என்டியூ பசங்க அங்க இருக்குற ஸ்டார்ஸ்ங்கிற பதிவு சிஸ்டத்தை வச்சு அதுக்கு ஸ்டார்ஸ் வார்ஸ்னே பேர் வச்சிருக்காங்க, எஸ்எம்யூல இ-டாலர் வச்சு ஏலம் எடுக்கணும், என்யூஎஸ்ல பாடம் பதிவு பண்ற கோர்ஸ்ரெக்கு முன்னாடி ராத்திரி எல்லாம் என்யூஎஸ்மாட்ஸ்ங்கிற டைம்டேபிள் வெப்சைட்டைத் திறந்து வச்சுக்கிட்டு கலர் கலரா டப்பாவை இழுத்துப் போட்டு வெளையாடுவாங்க (அந்த வெப்சைட்டே மாணவர்கள் செஞ்சதுதான், நிர்வாகம் செஞ்சிருந்தா அவ்ளோ நல்லா வந்திருக்குமான்னு எனக்கு சந்தேகம்தான்). விளைவு என்ன? செவ்வாய்க்கிழமை டுடோரியல்ல பாத்த மூஞ்சியை அடுத்த செவ்வாய்தான் பாப்ப. செமெஸ்டருக்கு 13 வாரம், முதல் ஒண்ணு ரெண்டு வாரம் நிறைய மாட்யூல்ல டுடோரியலே ஆரம்பிக்காது, அப்ப கூட்டிக் கழிச்சா ஒரு ஆளோட பத்து, பதினொரு மணி நேரம். அதுல எவன் யாரோட பழக?

அப்ப மத்தவங்க மட்டும் எப்படி கும்பலா சுத்துறாங்கன்னு கேப்ப. நல்லா கவனிச்சுப் பாரு, அந்த கும்பல்ல பாதி ஏற்கெனவே இருந்த கும்பல். ஒரே ஜேசிலேர்ந்து வந்த பொண்ணுங்க, என்எஸ்ங்கிற தேசிய சேவைல ஒரே கேம்ப்ல ரெண்டு வருஷம் ஒண்ணா பங்க்ல தூங்கின பசங்க, இல்லன்னா கேம்பஸ் ஹாஸ்டலான ஹால்ல ஒண்ணா தங்குறவங்க. நீ பாலி, என்எஸ் கிடையாது, தங்குறது ஈசூன்ல. மூணு வாசலும் உனக்கு மூடியிருக்கு, இருந்த நாலாவது வாசல் ஓரியன்டேஷன் கேம்ப், அன்னைக்கு உனக்கு வேலை. இதுல உன் குணத்தைக் குத்தம் சொல்ல எங்க இடம் இருக்கு? ஹால்ல இருந்தா எல்லாம் சரியாயிருக்கும்னு மட்டும் நெனச்சுக்காத, ஹால்ல இருந்துக்கிட்டு, ஹால்ல தொடர்ந்து இடம் கிடைக்கிறதுக்கான பாயிண்ட்ஸுக்காக நாலு சிசிஏல (பாடத்துக்கு வெளிய உள்ள மன்றம், விளையாட்டு மாதிரி) ஓடிக்கிட்டு, ராத்திரி ரூம் கதவைச் சாத்திக்கிட்டு அழுத புள்ளைங்களையும் பாத்திருக்கேன்.

இன்னொண்ணு, இந்த ஆறாவது ஏழாவது வாரம் இருக்கே, எங்க வேலைல இருக்குறவங்களுக்கு இது நல்லா தெரியும். முதல் வாரம் யாரும் உடைய மாட்டாங்க, எல்லாம் புதுசு, எல்லாரும் எல்லார்கிட்டயும் ஹாய் சொல்லுவாங்க, டெலிகிராம்ல நூறு பேர் குரூப்பு. மிட்டெர்ம் மார்க்கு வந்து, ரீசஸ் வீக்குல வீட்டுல உக்காந்து யோசிக்க நேரமும் கிடைச்சப்புறம்தான் ஒவ்வொருத்தரா வருவாங்க. வர்ற எல்லாரும் சொல்றது ஒண்ணேதான், எனக்கு மட்டும்தான் இப்படி, மத்தவங்க எல்லாம் செட்டில் ஆயிட்டாங்க. சில நாள் காலைல பத்து மணிக்கு வந்தவ இதைச் சொல்லிட்டுப் போவா, பதினொரு மணிக்கு வந்தவன் அதையே சொல்லுவான், ரெண்டு பேரும் ஒரே லெக்சர்ல உக்கார்றவங்களா இருப்பாங்க, ஆனா நான் வாயைத் திறக்க முடியாது, தொழில் அப்படி.

என் கதை ஒண்ணு சொல்றேன், சின்னதுதான். நான் படிச்சப்ப அம்மா பீஹூன் கட்டிக் குடுப்பாங்க, அதை ஃபேகல்டிக்கு எதிர்ல இருந்த பஸ் ஸ்டாப்புல உக்காந்து தின்பேன், பஸ்ஸுக்கு காத்துக்கிட்டு இருக்குற மாதிரி பாவ்லா பண்ணிக்கிட்டு. ஒரு நாள் செம மழை, பஸ் ஸ்டாப்புல உக்கார முடியல, கேன்டீன் மூலைல இருந்த மாமாக் கடைகிட்ட போய் ஒதுங்கினேன், ஒதுங்கினதுக்கு கூச்சப்பட்டு ஒரு தே ஹாலியா வாங்கினேன். அடுத்த நாளும் மழை. மூணாவது வாரம் அந்த கடை மாமா நான் வரிசைல நிக்கும்போதே இஞ்சி டீயை ஆத்த ஆரம்பிச்சிட்டாரு. சொன்னா சிரிப்ப, அந்த கேம்பஸ்ல என்னைத் தெரிஞ்ச முதல் ஆள் அவருதான், அன்னைக்கு சாயங்காலம் பூரா எனக்கு அவ்ளோ சந்தோஷம். அப்புறம் அதே மூலை மேசைல தினமும் ஒரு மணிக்கு நான் உக்கார்றதைப் பாத்து ஒரு மலாய்க்காரப் பொண்ணு இங்க பிளக் பாயிண்ட் வேலை செய்யுதான்னு கேட்டு உக்காந்தா, அவதான் பிற்பாடு என் கல்யாணத்துக்கு மருதாணி போட்டுவிட்டா. பழகுறதுக்கு பெரிய தெறமை ஒண்ணும் தேவைப்படல, ஒரே இடத்துல ஒரே நேரத்துல திரும்பத் திரும்ப இருந்தேன், அவ்ளோதான் நான் செஞ்சது.

உனக்கும் அதைத்தான் சொல்லப் போறேன். படிக்கட்டை விட்டுடு. அங்க யாரும் உன்னைப் பாக்கக் கூடாதுன்னுதானே போற, அந்த நோக்கம் நல்லாவே நிறைவேறுது! ஒரு கேன்டீன், ஒரு மேசை, புதன்கிழமைன்னா புதன்கிழமை, அதே நேரம். டிஷ்யூ பாக்கெட்டை வச்சு இடம் பிடிச்சு சோப் பண்ணிட்டு போய் சாப்பாட்டை வாங்கிட்டு வா. காதுல இயர்பட்ஸ் வேணாம், ஒரு காதுலயாவது எடுத்துடு. தனியா உக்காந்து சாப்பிட்டா எல்லாரும் பாவமா பாப்பாங்கன்னு தோணும், ஒருத்தனும் பாக்க மாட்டான், அவனவன் போனைப் பாத்துக்கிட்டு இருப்பான்.

அந்த கடைசி வரிசைப் பொண்ணு விஷயத்துக்கு வர்றேன். அவகிட்ட போய் 'நாம பிரண்ட்ஸா இருக்கலாமா'ன்னு யாரும் கேக்க மாட்டாங்க, வெளங்காது. 'மூணாவது கேள்விக்கு உனக்கு என்ன விடை வந்துச்சு?' இது போதும். அவளுக்கும் விடை வரலன்னா இன்னும் நல்லது, ரெண்டு பேரும் சேர்ந்து டியூட்டரைத் திட்டலாம். டுடோரியல் முடிஞ்சு ரூம்லேர்ந்து வெளிய வர்ற அந்த ரெண்டு நிமிஷத்துல கேளு, உள்ள வச்சு கேக்காத, உள்ள எல்லாரும் விறைப்பா இருப்பாங்க. அவ ஒரு வார்த்தைல பதில் சொல்லிட்டு போயிட்டான்னா அடுத்த வாரம் இன்னொரு கேள்வி கேளு. ரெண்டு தடவையும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா சரி விடு, வேற ஆளைப் பாரு, நஷ்டம் ஒண்ணும் இல்ல. ஒத்து வந்துச்சுன்னா, ஜனவரி செமெஸ்டருக்கு மாட்யூல் எடுக்கும்போது ரெண்டு பேரும் பேசி வச்சு ஒரே டுடோரியல் ஸ்லாட் எடுங்க. யூனி தராத வகுப்பை நீங்களே செஞ்சுக்கிறது இதுதான், சீனியருங்க எல்லாம் இதைத்தான் பண்றாங்க, யாரும் ஃப்ரெஷிக்கு சொல்லித் தர்றதில்ல. அப்படியே அடுத்த டைம்டேபிள்ல ஒரு நாளாவது நடுவுல ரெண்டு மணி நேரம் காலியா விடு.

தமிழ் சங்கம் பத்தி நீ கேக்கல, நானே சொல்றேன். என்யூஎஸ்ல தமிழ்ப் பேரவை இருக்கு, என்டியூல தமிழ் இலக்கிய மன்றம் இருக்கு, மத்த இடத்துலயும் இந்தியப் பண்பாட்டு மன்றம் மாதிரி ஏதாவது ஒண்ணு இருக்கும். 'அங்க எல்லாம் மேடைத் தமிழ் பேசுறவங்க, நமக்கு ஓ லெவல் தமிழே தகராறு'ன்னு நிறைய பேர் ஒதுங்கிடுறாங்க. அவங்க போடுற நாடகத்துக்கு வசனம் பேசுறவங்க பத்து பேருன்னா லைட்டு பிடிக்க, துணி தைக்க, டிக்கெட் விக்க, சாப்பாடு வாங்கிட்டு வர முப்பது பேர் வேணும், அந்த முப்பது பேர்ல ஒரு ஆளா போ. மேடைக்கு பின்னாடி ராத்திரி பத்து மணி வரைக்கும் ஒண்ணா பசியோட கிடந்தவங்களுக்கு நடுவுல ஒட்டுறது மாதிரி கேம்ப்ல நாலு நாள் கத்தினவங்களுக்கு ஒட்டாது. இதுலயும் ஒரு சங்கடம் உண்டு, மறைக்கல. சில வருஷம் அந்த சங்கத்துக்குள்ளேயே ஒரு கும்பல் உருவாகிடும், புதுசா வர்றவளை ஏற இறங்க பாப்பாங்க. தமிழ்நாட்டுலேர்ந்து வந்து படிக்கிற பசங்க ஒரு பக்கம், உள்ளூர் பசங்க ஒரு பக்கம்னு உக்காந்திருப்பாங்க. ரெண்டு தடவை போய்ப் பாரு, பிடிக்கலன்னா விட்டுடு. அதுக்காக சிசிஏ லிஸ்ட்ல பாதியை டிக் அடிக்காத, ஒண்ணு போதும், உனக்கு டியூஷன் வேற இருக்கு.

மேத்ஸ். 40க்கு 13ங்கிறது நல்ல மார்க்குன்னு சொல்ல நான் வரல. ஆனா அந்த ஜேசி பசங்க 'ஏற்கெனவே படிச்சதுதானே'ன்னு சொன்னது உண்மைதான், அதை நீ அவமானமா எடுத்துக்கிட்ட, நான் அதை ஒரு தகவலா எடுத்துக்கிறேன். அவங்க ஜேசில எச்2 மேத்ஸ்ங்கிற பாடத்துல ரெண்டு வருஷம் கால்குலஸ்ல முங்கிக் குளிச்சிட்டு வந்திருக்காங்க, நீ பாலில அந்த நேரத்துல சர்க்யூட் போட்டுக்கிட்டு இருந்த. லேப்னு வரும்போது பாரு, அவங்க மல்ட்டிமீட்டரை எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னு முழிப்பாங்க, அப்ப அந்த பெஞ்சுல உன்னைத்தான் தேடுவாங்க. பாலி புள்ளைங்களுக்கு மேத்ஸ் இடிக்கும்னு யூனிக்கே தெரியும், அதுக்குன்னே பிரிட்ஜிங் கிளாஸ் நடத்துற இடங்கள் உண்டு, உன் ஸ்கூல் ஆபீஸ்ல கேளு, ஆகஸ்ட்டுக்கு முன்னாடியே முடிஞ்சிருந்தாலும் நோட்ஸும் வீடியோவும் கிடைக்குமான்னு கேளு.

முக்கியமா டியூட்டருக்கு ஒரு மெயில் போடு. பள்ளிக்கூடத்துல மார்க்கு குறைஞ்சா டீச்சரே கூப்பிட்டு விடுவாங்க, அம்மாவுக்கு போன் போடுவாங்க. இங்க யாரும் கூப்பிட மாட்டாங்க, உன்னைக் கைவிட்டுட்டாங்கன்னு அர்த்தம் இல்ல, நீ பெரியவன்னு அவங்க நெனச்சுக்கிட்டு இருக்காங்க. உதவி நிறைய இருக்கு, வாயைத் திறந்தாதான் அது அசையும். மெயில் நீளமா வேணாம், மன்னிப்பு கேக்க வேணாம், உன் சோகக் கதை வேணாம். இங்கிலீஷ்லதான் எழுதுவ, சாரம் இவ்ளோதான்: "நான் உங்க புதன்கிழமை டுடோரியல் மாணவி, பாலிலேர்ந்து வந்திருக்கேன். மிட்டெர்ம்ல 13 எடுத்தேன். இன்டெக்ரேஷன்ல இந்த ரெண்டு வகைக் கணக்குல மாட்டிக்கிறேன். இந்த வாரம் இருபது நிமிஷம் கன்சல்டேஷன் கிடைக்குமா, இந்த மூணு நேரத்துல எது உங்களுக்கு வசதி?" எங்க மாட்டிக்கிறன்னு குறிப்பா சொல்றதுதான் இதுல சூட்சுமம். 'எனக்கு ஒண்ணுமே புரியல'ன்னு எழுதினா அவங்களுக்கும் எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியாது. நாலு நாள்ல பதில் வரலன்னா இன்னொரு மெயில் போடு, வெக்கப்படாத, அவங்க இன்பாக்ஸ் தெக்கா மார்க்கெட் ஞாயித்துக்கிழமை மாதிரி இருக்கும், உன் மெயில் அடியில போயிருக்கும்.

மிட்டெர்முக்கு மொத்தத்துல எத்தனை பங்குன்னு பாத்தியா? மீதி ஃபைனல்ஸ்லயும் குவிஸ்லயும்தானே இருக்கும், இன்னும் ஆறு வாரம் பாடம், அப்புறம் ரீடிங் வீக். அதோட எஸ்-யூ ஆப்ஷன்னு ஒண்ணு கேள்விப்பட்டிருப்ப. என்யூஎஸ்ல முதல் வருஷ மாட்யூல்ஸ்ல குறிப்பிட்ட அளவுக்கு கிரேடை ஜிபிஏங்கிற மொத்த சராசரில சேக்காம, பாஸ் ஆனதா மட்டும் காட்டிக்கலாம், புதுசா வர்றவங்க கால் ஊன்ற வரைக்கும் மூச்சு விடட்டும்னுதான் அதை வச்சாங்க. மத்த யூனிங்கள்ல விதி வேற மாதிரி, எந்த மாட்யூலுக்கு உண்டு, எப்போ வரைக்கும் மாத்தலாம்னு உன் யூனி விதியை நீயே போய் படி, டெலிகிராம் குரூப்புல எவனோ சொன்னதை நம்பாத. கேக்குறதுக்கு அகடெமிக் அட்வைசர்னு ஒருத்தர் உன் பேருக்கு எதிர்ல இருப்பாரு, பாதிப் பேருக்கு அவர் பேரே தெரியாம நாலு வருஷம் ஓடிடும்.

இப்ப உன் கசினைப் பத்தி. கவுன்சிலிங் போனா ரெக்கார்டு, வேலை கிடைக்காது, இதை நான் இத்தனை வருஷத்துல கேட்ட கேள்விகள்ல முதல் இடம் இதுக்குத்தான். கவுன்சிலிங் ரூம்ல நீ பேசுறது உன் டிரான்ஸ்கிரிப்ட்ல வராது, டிகிரி பேப்பர்ல வராது, லெக்சரருக்கு போகாது, உன் அப்பாவுக்கும் போகாது. நோட்ஸ் எழுதுவோம், ஆமா, அது எங்ககிட்டயே தனியா பூட்டுல இருக்கும். உன் உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும், இல்ல சட்டம் கட்டாயப்படுத்தினா மட்டும்தான் வெளிய சொல்லுவோம், அதையும் முதல் நாளே உன்கிட்ட விளக்கி கையெழுத்து வாங்குவாங்க, அப்ப என்ன சந்தேகம் இருந்தாலும் கேளு, கேக்குறதுக்கு உனக்கு உரிமை இருக்கு. வேலைன்னு பாத்தா, விண்ணப்ப பாரத்துல மனநலம் பத்தி கேக்கக் கூடாதுன்னு 2020லயே முதலாளிங்களுக்கு வழிகாட்டுதல் வந்திருச்சு, 2025 ஜனவரில நாடாளுமன்றத்துல நிறைவேத்தின வேலையிட நியாயச் சட்டமும் மனநல நிலையைக் காரணம் காட்டி ஒதுக்குறதைத் தடுக்கத்தான் வருது. விமானி, சீருடைப் பணி மாதிரி சில வேலைக்கு மருத்துவப் பரிசோதனை இருக்கும், அது வேற கதை. தனிமையா இருக்கு, மேத்ஸ் வரலன்னு நாலு தடவை போய் பேசினதுக்கு யாரும் உன்னை வேலையை விட்டு நிறுத்தப் போறதில்ல, உன் கசின் கிட்ட சொல்லு.

போறதுன்னா இப்பவே அப்பாயிண்ட்மெண்ட் போடு, இதுதான் என் வேண்டுகோள். பரீட்சை நெருங்க நெருங்க வரிசை நீளமாகும், அக்டோபர் கடைசில கேட்டா ரெண்டு மூணு வாரம் தள்ளிப் போனாலும் போகும். ஃபார்ம்ல 'அவசரமா'ன்னு ஒரு கேள்வி வரும், நம்ம புள்ளைங்க எல்லாம் பெருந்தன்மையா 'இல்ல'ன்னு போட்டுட்டு வந்திடுவாங்க, மத்தவங்களுக்கு என்னைவிட கஷ்டம் இருக்கும்னு. உனக்கு எப்படி இருக்கோ அதைப் போடு. தமிழ்ல பேச ஆள் வேணும்னா அதையும் கேளு, எல்லா இடத்துலயும் கிடைக்காது, ஆனா கேக்காம தெரியாது. கவுன்சிலர்னா பயமா இருந்தா பியர் சப்போர்ட்டர்னு மாணவர்களே இருக்காங்க, பயிற்சி எடுத்தவங்க, அவங்ககிட்ட ஒரு கோப்பி குடிச்சுக்கிட்டே பேசலாம். கேம்பஸே வேணாம்னா மனநலக் கழகத்தோட சேர்ந்த சாட்னு ஒரு இடம் 16லேர்ந்து 30 வயசுக்காரங்களுக்குன்னே இருக்கு, காசு கிடையாது.

அப்புறம் கிராஞ்சி. நீ எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். இறங்கித் திரும்பி வீட்டுக்குப் போயிடலாம்னு தோணுறது அலுப்பு, அது எனக்குப் புரியுது. ஆனா நேருக்கு நேரா ஒண்ணு கேக்குறேன், கேக்காம விட்டா நான் இந்த வேலைக்கு லாயக்கில்ல: வீட்டுக்குப் போகணும்னு இல்லாம, இருக்கவே வேணாம்னு எப்பவாவது தோணியிருக்கா? தோணியிருந்தா இந்த பதிலை ஓரமா வச்சிட்டு 1767க்கு போன் போடு, எஸ்ஓஎஸ்ங்கிற தற்கொலைத் தடுப்பு அமைப்பு, ராத்திரி மூணு மணின்னாலும் எடுப்பாங்க. பேச வாய் வரலன்னா 91511767ல வாட்ஸ்அப் பண்ணலாம். அவ்ளோ மோசம் இல்ல, ஆனா மனசு பாரமா இருக்குன்னா 1771ங்கிற மனநல உதவி எண், அதுவும் 24 மணி நேரமும் உண்டு. அப்படி எதுவும் தோணலன்னாலும் இந்த மூணு நம்பரையும் போன்ல போட்டு வை, உனக்கு இல்லாட்டி என்னைக்காவது உன் பக்கத்துல உக்கார்றவனுக்கு உதவும்.

காசு விஷயத்தை நீ சொல்லாம சொல்லியிருக்க, கேம்புக்கு காசு கட்டணும்னு எழுதின பாரு. யூனி ஃபைனான்ஷியல் எய்ட் ஆபீஸுக்கு போ, ஹையர் எஜுகேஷன் கம்யூனிட்டி பர்சரிங்கிற உதவித்தொகைக்கு உங்க வீட்டு வருமானம் பொருந்துமான்னு கேளு, இந்தியர்களுக்கு உதவுற சிண்டா அமைப்புலயும் உதவி உண்டு, பீட்டி ரோட்டுல இருக்காங்க. ஃபீஸ்ல 90 விழுக்காடு வரைக்கும் ட்யூஷன் ஃபீ லோன் எடுக்கலாம், படிக்கிற வரைக்கும் அதுக்கு வட்டி கிடையாது. இதுல ஏதாவது ஒண்ணு கிடைச்சா ஞாயித்துக்கிழமை டியூஷனையாவது விடலாம்ல, வாரத்துல ஒரு நாள் கூட சும்மா இல்லாத பொண்ணுக்கு பழகுறதுக்கு தெம்பு எங்கேர்ந்து வரும்.

அப்பாகிட்ட சொல்லலன்னு நெனைக்கிறேன், கடிதத்துல அவரு ஓட்டுற பஸ் மட்டும்தான் வருது. வீட்டுக்கு முதல் யூனி புள்ளைன்னா அந்த பாரம் எனக்குத் தெரியும், தீபாவளிக்கு வர்ற ஒவ்வொரு சித்தப்பாவும் 'எப்படிம்மா இருக்கு யூனி'ன்னு முறுக்கைக் கடிச்சுக்கிட்டே கேப்பாரு, அப்பா பக்கத்துல நின்னு பெருமையா பாத்துக்கிட்டு இருப்பாரு. அன்னைக்கு வரைக்கும் அடக்கி வைக்காத. அவருக்கு இன்டெக்ரேஷன் தெரிய வேண்டிய அவசியம் இல்ல. காலைல ஷிப்டு, டெப்போல புதுசா சேந்தப்ப யாரையும் தெரியாம, ரூட்டும் பிடிபடாம, இன்டர்சேஞ்ச்ல தனியா உக்காந்து சாப்பிட்ட நாள் அவருக்கும் இருந்திருக்கும். 'ப்பா, நீங்க வேலைக்கு சேர்ந்த புதுசுல எப்படி இருந்துச்சு'ன்னு கேட்டுப் பாரு, உன் கதையை அதுக்கப்புறம் சொல்றது சுலபமா இருக்கும்.

நிறுத்திடலாமான்னு கேட்ட. இந்த வாரம் முடிவு பண்ணாத. யூனி எல்லாருக்கும் ஒத்து வரும்னு நான் சொல்ல மாட்டேன், நிறுத்திட்டு வேலைக்குப் போய் நல்லா இருக்குறவங்களையும் எனக்குத் தெரியும், லீவ் ஆஃப் ஆப்சன்ஸ்னு படிப்பைத் தற்காலிகமா நிறுத்தி வச்சுட்டு திரும்பி வந்தவங்களையும் தெரியும். ஆனா நீ இன்னும் யூனியையே பாக்கல, லெக்சர் தியேட்டரையும் ஒரு படிக்கட்டையும்தான் பாத்திருக்க. மெயிலைப் போடு, அப்பாயிண்ட்மெண்டைப் போடு, டிசம்பர்ல பரீட்சை முடிஞ்சு மார்க்கும் கையில இருக்கும்போது அட்வைசரோட உக்காந்து பேசு, அப்பவும் வேணாம்னு தோணுச்சுன்னா நானும் வேணாம்னே சொல்றேன்.

புதன்கிழமை டுடோரியல் முடிஞ்சதும் அந்த மூணாவது கேள்வியைக் கேட்டுட்டு, அவ பேரு என்னன்னு எனக்கு எழுது.